பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்ட நூலகம்

இனவரைவியல் நூல் என்பது, ஆய்வாளர் ஒருவர் ஒரு மக்களிடையே மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தங்கி, அவர்களுடைய உணவு, உறைவிடம், உறவுமுறை, வழிபாடு, சாவுச் சடங்கு ஆகியவற்றை ஒருசேரக் கண்டும் கேட்டும் எழுதும் விரிவான பதிவாகும். அத்தகைய நூல் பெரும்பாலும் ஒரு மக்கள், ஒரு தீவு, ஓர் ஊர் என்ற எல்லைக்குள் நின்று எழுதப்படுகிறது. அதைத் தேடி நூலகத்துக்கு வருபவரின் கேள்வியோ பல வேளைகளில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்ற விலக்கு எந்தெந்தச் சமூகங்களில் உண்டு, இறந்தவருக்கு இருமுறை ஈமச்சடங்கு செய்யும் வழக்கம் எங்கெங்கே காணப்படுகிறது என்று கேட்பவருக்கு நூற்பட்டியல் நேரான விடை தருவதில்லை. பட்டியலுக்கு நூலின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் தெரியும், உள்ளே இருக்கும் பக்கங்கள் தெரியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1937ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு முயற்சி, நூல்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, வழக்கங்களின் பெயரால் மீண்டும் அடுக்கி இந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தது. அந்த முயற்சியின் வரலாற்றில் மானிடவியலும் நூலகத் தொழிலும் மட்டுமல்லாமல், போரும் அரசியலும் கலந்திருக்கின்றன.

நூலகங்கள் இத்துறை நூல்களை அடுக்கிய முறையே சிக்கலின் பாதியை விளக்கிவிடும். மெல்வில் டூயியின் பத்தின்முறைப் பகுப்பில், அதாவது அறிவுத்துறைகள் அனைத்தையும் பத்துப் பெரும் பிரிவுகளாகவும் ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகவும் பிரித்து எண் தரும் முறையில், இனங்களைப் பற்றிய நூல்கள் நெடுங்காலம் 572 என்ற எண்ணின்கீழ் அறிவியல் நூல்களின் நடுவே வைக்கப்பட்டிருந்தன. மனிதக் குழுக்களை உயிரினங்களின் வகைகளைப் போலப் பார்த்த 19ஆம் நூற்றாண்டு மனநிலையின் எச்சம் அது. பிற்காலப் பதிப்புகள் இனக்குழு பற்றிய நூல்களைச் சமூக அறிவியலுக்குள் 305.8 என்ற எண்ணுக்கு மாற்றின. 572 உயிர்வேதியியலுக்குப் போயிற்று. பழைய நூல்களுக்குப் புது எண் இடாமல் விட்டுவிட்ட நூலகங்களில், மலைவாழ் மக்களைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்று நொதிகளைப் பற்றிய பாடநூலுக்குப் பக்கத்தில் நிற்பதில் வியப்பில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பு முறையிலும் நிலைமை இதைவிட நேராக இல்லை: பொது மானிடவியலுக்கு ஜி.என். என்ற எழுத்துகள் உண்டென்றாலும், வட அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றிய நூல்கள் அமெரிக்க வரலாற்றுக்குரிய ஈ 99இலும், இந்திய மக்களைப் பற்றியவை ஆசிய வரலாற்றுக்குரிய டி.எஸ். பிரிவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே வழக்கத்தைப் பல மக்களிடையே ஒப்பிட விரும்புபவர் மாடிக்கு மாடி ஏறி இறங்க வேண்டியதுதான்.

வழக்கத்தின் பெயரால் அடுக்குவதா, மக்களின் பெயரால் அடுக்குவதா என்ற இந்த இழுபறிக்குச் சென்னையிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகள் என்ற நூலில் திருமண வழக்கங்கள், சாவுச் சடங்குகள், சகுனங்கள், தீமிதி, செடில் என்று வழக்கங்களையே இயல்களாக வைத்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1909இல், கா. ரங்காச்சாரியின் துணையோடு அவர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற பெருநூல் ஆங்கில அகரவரிசையில் சாதிப் பெயர்களைக் கொண்டு அமைந்தது. ஒரே மனிதர், பெரும்பாலும் ஒரே வகைச் செய்திகளை, இரு முறைகளில் அடுக்கிப் பார்த்தார். இவற்றுள் பின்னதே நிலைத்தது. முன்னது ஏறத்தாழ மறக்கப்பட்டது. ஒரு சாதியைப் பற்றிய தகவலை உடனே புரட்டிப் பார்க்க விரும்பிய ஆட்சியாளருக்கு அகரவரிசை கைகொடுத்தது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ஏழு தொகுதிகளில் தீமிதி பற்றிய செய்திகளை எல்லாம் திரட்ட வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டும்.

ஒப்பீட்டுக்கான தேவை அதற்கு முன்பே எழுந்திருந்தது. ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1888இல் லண்டன் மானிடவியல் கழகத்தில் வாசித்த ஆய்வுரையில், ஏறத்தாழ 350 மக்களைப் பற்றிய செய்திகளை அட்டவணையிட்டு, திருமணத்துக்குப்பின் கணவன் தன் மனைவியின் வீட்டில் வாழ்வதற்கும் மேற்சொன்ன மாமியார் விலக்குக்கும் இடையே எண்ணிக்கை அளவில் தொடர்பு இருப்பதைக் காட்டினார். அவையில் இருந்த பிரான்சிஸ் கால்டன், அந்த 350 மக்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் வழக்கங்களைக் கடன் வாங்கியிருந்தால் அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணலாமா என்று கேட்டார். ஒரே மூலத்தின் படிகளைப் பல சாட்சிகளாகக் கணக்கிடும் ஆபத்தைச் சுட்டும் இக்கேள்வி, கால்டன் சிக்கல் என்ற பெயரில் இன்றுவரை ஒப்பீட்டு ஆய்வாளர்களைப் பின்தொடர்கிறது. டைலர் தம் அட்டவணைகளைத் தாமே படித்துத் தாமே தொகுத்தார். அவருக்குப்பின் அதே வேலையைச் செய்ய விரும்பியவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்த வீண் உழைப்பைத் தவிர்க்க முனைந்தவர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக். யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரகாம் சம்னர் தொடங்கி ஆல்பர்ட் கெல்லர் வளர்த்த ஒப்பீட்டுச் சமூகவியல் மரபில் பயின்ற மர்டாக், அங்கிருந்த மனித உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில் 1937இல் பண்பாடுகளிடை அளவாய்வு என்ற திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே அவரும் ஜான் வைட்டிங், கிளெல்லன் ஃபோர்ட் உள்ளிட்ட அவர் கூட்டாளிகளும் பண்பாட்டுப் பொருட்களின் சட்டகம் என்று சொல்லத்தக்க ஒரு கையேட்டை வெளியிட்டனர். மனித வாழ்வில் இனவரைவியலாளர் குறிப்பெடுக்கக்கூடிய அனைத்துக்கும் மூன்றிலக்க எண் தரும் கையேடு அது. பால்வளம் 234, பலதுணை மணம் 595, மரபுவழி விதி 611, ஈமச்சடங்கு 764, பூசாரிகள் 793 என்று அதில் எண்கள் நீள்கின்றன. பின்னாளில் பலமுறை திருத்தப்பட்ட அந்தச் சட்டகத்தில் இன்று எழுநூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள் உள்ளன. இதற்கு இணையாக, உலக மக்களுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு தரும் இன்னொரு பட்டியல் 1954இல் வெளிவந்தது. அதில் ஆசியா முழுவதும் ஏ என்ற எழுத்தில் தொடங்க, நீலகிரியின் தோடர்களுக்கு ஏ.டபிள்யூ. 60 என்ற குறியீடும் இலங்கையின் வேடர்களுக்கு ஏ.எக்ஸ். 05 என்ற குறியீடும் கிடைத்தன.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீ. இரா. ரங்கநாதன் வேறொரு வழியில் இதே சிக்கலை அணுகிக்கொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதி, அவற்றுள் நான்காவதாக வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை வைத்த அவர், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து அக்கூறுகளின் எண்களை முக்காற்புள்ளியால் இணைத்துக் காட்டினார். மக்கள் ஒரு கூறு, வழக்கம் ஒரு கூறு, இடமும் காலமும் வேறு கூறுகள் என்ற அந்தப் பார்வையும், யேல் திட்டத்தின் இரட்டைக் குறியீடும் ஒரே திசையை நோக்குகின்றன. ரங்கநாதன் முழு நூலுக்கு எண் தந்தார். மர்டாக் பக்கத்துக்கும் பத்திக்கும் தந்தார். நூலகத் தத்துவம் என்ற அளவில் ரங்கநாதனின் முறையே நுட்பமானது; ஒப்பீட்டு ஆய்வாளருக்கு உடனடிப் பயன் தந்தது மர்டாக்கின் முறை.

யேலில் நடந்த வேலை எளியது, ஆனால் சலிப்பூட்டுவது. தேர்ந்தெடுக்கப்பட்ட நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் பயிற்சி பெற்ற பகுப்பாளர் ஒருவர் படித்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அதற்குப் பொருந்தும் எண்களைக் குறிப்பார். அந்தப் பக்கம் எட்டு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் அளவுள்ள தாள்களில் படியெடுக்கப்படும். ஒரு பக்கத்தில் ஐந்து எண்கள் இருந்தால் ஐந்து படிகள் எடுக்கப்பட்டு, ஐந்து வெவ்வேறு எண்களின்கீழ் இழுப்பறைகளில் செருகப்படும். தாளின் தலைப்பில் ஆசிரியர் பெயரோடு, அவர் மானிடவியலாளரா, சமயப் பரப்பாளரா, அரசு அலுவலரா, வழிப்போக்கரா என்பதும், அந்நூலின் நம்பகத்தன்மை பற்றிய மதிப்பீடும் சுருக்கக் குறிகளாக இடம்பெறும். பிறமொழி நூல்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட பிறகே இழுப்பறைக்குள் போயின. பக்கங்கள் இப்படிச் சிதறுவதால் நூலாசிரியரின் வாதம் தொலைந்துபோகும் என்பதை உணர்ந்தே, 116 என்ற எண்ணின்கீழ் நூல் முழுவதையும் மூல வரிசையிலேயே ஒரு படி வைத்தார்கள். அந்த எண்ணைத் தேடிப்போய் முழுநூலையும் படித்தவர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

இம்முறையின் வலுவும் வலுவின்மையும், தோடர்களைப் பற்றிய தாள்களின் தொகுப்பான தோடர் கோப்பில் தெளிவாகத் தெரிகின்றன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வி. ஹ. ரி. ரிவர்ஸ் 1901–02இல் நீலகிரியில் தங்கி, மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு செய்திகள் திரட்டி, 1906இல் வெளியிட்ட தோடர்கள் என்ற நூல்தான் அக்கோப்பின் முதுகெலும்பு. தோடர்களின் வாழ்வு எருமையைச் சுற்றியது. அவர்களுடைய புனித எருமைகளின் பால், அதற்கென்றே கட்டப்பட்ட பால்மனைகளில் கடையப்படுகிறது. அம்மனை ஒரே வேளையில் தொழிற்கூடமும் கோயிலுமாகும். பெண்கள் அதற்குள் நுழைவதில்லை. அவற்றுள் உயர்ந்த படிநிலையில் இருந்த மனைக்குப் பொறுப்பேற்ற பாலோல், அப்பணியில் இருந்த காலமெல்லாம் பெண் தொடர்பின்றி வாழ வேண்டியவராக இருந்தார். சாதாரண மனிதர் அவரைத் தொடவும் கூடாது. ரிவர்ஸ் இதை விவரிக்கும் ஒரு பக்கத்தை யேல் சட்டகத்தில் வைக்க முற்பட்டால், பால் கடைவது 234க்கும், கட்டடம் சமயக் கட்டடங்களுக்குரிய 346க்கும், பாலோல் 793க்கும், தொடாமை விலக்குகளுக்குரிய 784க்கும் போகும். பால்வளம் பற்றி ஆராய வருபவர் 234ஐத் திறந்தால் அதே பக்கம் அவர் கையில் கிடைக்கும் என்பது முறையின் வெற்றி. ஆனால் பொருளியலும் சமயமும் தனித்தனி என்ற பிரிவினை தோடர்களுடையது அன்று. அது சட்டகத்தை எழுதியவர்களுடையது.

இன்னொரு வழக்கம் இதைவிடச் சுவையானது. சகோதரர் பலர் ஒரு பெண்ணை மணக்கும் முறை தோடர்களிடையே இருந்ததால், பிறக்கும் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை ஒரு சடங்கு தீர்மானித்தது: கருவுற்ற ஏழாம் மாதத்தை ஒட்டி, கணவர்களில் ஒருவர், வழக்கமாக மூத்தவர், புல்லாலும் குச்சியாலும் செய்த வில்லையும் அம்பையும் அப்பெண்ணிடம் கொடுப்பார், அதன்பின் வேறொருவர் அச்சடங்கைச் செய்யும்வரை பிறக்கும் குழந்தைகள் எல்லாம் அவருடைய குழந்தைகளே. இச்சடங்கைக் கருவுறுதலின்கீழ்த் தேடுபவர், பலதுணை மணத்தின்கீழ்த் தேடுபவர், மரபுவழியின்கீழ்த் தேடுபவர் என மூவருக்கும் அது கிடைக்க வேண்டுமென்றால் மூன்று இழுப்பறைகளிலும் அது இருந்தாக வேண்டும். சாதாரண நூற்பட்டியலால் இயலாத காரியம் இது.

தோடர்களின் மரபுவழியை எடுத்துக்கொண்டால் வேறொரு நன்மையும் புலப்படுகிறது. குலமுறைக் கொடிகளைத் திரட்டி உறவுமுறையை ஆராயும் முறையை மானிடவியலுக்கு வழங்கியவரே ரிவர்ஸ். அப்படிப்பட்டவர் தோடர்களிடம் தந்தைவழிக் குலங்களை மட்டுமே கண்டு எழுதினார். 1930களின் நடுவில் நீலகிரிக்கு வந்து தோடா மொழியைக் கற்ற மொழியியலாளர் மரே எமனோ, அவர்களுக்குத் தாய்வழிக் குலங்களும் உண்டு என்பதைக் கண்டுபிடித்து, இரட்டை மரபுவழி பற்றி 1941இல் எழுதினார். நூலக அடுக்கில் ரிவர்ஸின் நூல் ஓரிடத்திலும், எமனோவின் கட்டுரை அது வெளிவந்த கட்டுரைத் தொகுப்பு நூலுக்குள்ளும் கிடக்கும். முன்னதை மட்டும் படித்தவர் பின்னதை அறியாமலே போகலாம். பொருளின் பெயரால் அடுக்கும் முறையில் 611 என்ற ஒரே எண் இருவரையும் அருகருகே நிறுத்திவிடும். பிழையும் திருத்தமும் ஒன்றையடுத்து ஒன்று வரும்.

1941இன் இறுதியில் அமெரிக்கா போரில் இறங்கியதும் இந்த இழுப்பறைகளின் மதிப்பு மாறியது. நெல்சன் ராக்ஃபெல்லர் தலைமையில் இயங்கிய அரசு அலுவலகத்தின் நிதியுதவியோடு இலத்தீன் அமெரிக்க நாடுகளைப் பற்றிய ஒரு தகவல் திரட்டு யேல் கோப்புகளின் பாணியில் தொடங்கப்பட்டது. 1943இல் மர்டாக்கும் ஃபோர்டும் வைட்டிங்கும் கடற்படையில் சேர்ந்து, ஜப்பானின் ஆட்சியில் இருந்த மார்ஷல், கரோலைன், மரியானா முதலிய பசிபிக் தீவுகளைப் பற்றி, அவற்றைக் கைப்பற்றிய பின் ஆள வேண்டிய அலுவலர்களுக்கான கையேடுகளை எழுதினர். அத்தீவுகளில் பல முதல் உலகப் போர் வரை ஜெர்மானியரிடம் இருந்தவை. 1908 முதல் 1910 வரை அங்கே சென்ற ஹாம்பர்க் ஆய்வுக்குழு எழுதிய தடித்த ஜெர்மன் தொகுதிகளே அவற்றைப் பற்றிய விரிவான சான்றுகள். அவை கோப்புக்காக ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. அச்சேறாத அந்தத் தட்டச்சுப் படிகளையே மைக்ரோனீசியா பற்றி எழுதிய பிற்கால ஆய்வாளர் பலர் நம்பியிருந்தனர். அறிவுத் திரட்டாகத் தொடங்கிய ஒன்று ஆக்கிரமிப்பின் கருவியானதும், ஆக்கிரமிப்பின் தேவை அறிவுக்கு உதவியதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாறு அரைகுறையானது.

போருக்குப்பின், 1949இல், யேல், ஹார்வர்ட், பென்சில்வேனியா, ஓக்லஹோமா, வாஷிங்டன் ஆகிய ஐந்து பல்கலைக்கழகங்கள் கூடி ஹியூமன் ரிலேஷன்ஸ் ஏரியா ஃபைல்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தன. யேலில் தயாராகும் தாள்களின் படி ஒவ்வோர் உறுப்பு நிறுவனத்துக்கும் அனுப்பப்படும். அங்குள்ள நூலகர் அவற்றைப் பிரித்துத் தம் அலமாரிகளில் அடுக்கிக்கொள்வார். 1950களின் தொடக்கத்தில் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றோடு மத்திய உளவு நிறுவனமும் இதற்கு நிதி தந்தது. மர்டாக் 1949இலேயே தம் சக மானிடவியலாளர்களில் சிலரைப் பொதுவுடைமையாளர்கள் என்று கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் தலைவருக்கு எழுதித் தெரிவித்தவர் என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. அவருடைய அறிவுப்பணியைப் பாராட்டுபவர்கள் இதை எளிதில் கடந்துவிடுகிறார்கள். அவர் அதே ஆண்டில் 250 சமூகங்களை ஒப்பிட்டு எழுதிய சமூக அமைப்பு என்ற நூல், இத்தகைய கோப்பைக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைக் காட்டியது. பாரிஸில் க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் 1960இல் நிறுவிய சமூக மானிடவியல் ஆய்வகத்துக்கும் கோப்புகளின் ஒரு முழுப்படி வந்து சேர்ந்தது. அவ்வளவு தாள்களையும் அலமாரிகளையும் வைக்க இடமில்லாத சிறு நூலகங்களுக்காக, பக்கங்களைச் சிறிதாக்கிப் படத் தகடுகளில் பதித்துத் தரும் மைக்ரோஃபிஷ் பதிப்பு 1958 முதல் கிடைத்தது.

கோப்பின்மீது எழுந்த எதிர்ப்பு இரு வகையானது. ஆக்ஸ்போர்டின் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் 1963ஆம் ஆண்டு உரையொன்றில், வழக்கங்களை அவை வேரூன்றிய சமூகத்திலிருந்து பிடுங்கி எண்ணிக்கையிடும் மர்டாக்கின் முறையைக் கடுமையாக விமர்சித்தார். இன்னொன்று கால்டன் எழுப்பிய பழைய கேள்வி. அதற்கு விடையாகவே மர்டாக்கும் டக்ளஸ் ஒயிட்டும் 1969இல், ஒவ்வொரு பண்பாட்டு வட்டாரத்திலிருந்தும் நன்கு பதிவான ஒரு சமூகத்தை மட்டும் எடுத்து, அதைக் குறிப்பிட்ட இடத்திலும் காலத்திலும் நிலைநிறுத்தி, 186 சமூகங்கள் கொண்ட ஒரு மாதிரித் தொகுப்பை உருவாக்கினார்கள். அத்தொகுப்பில் தோடர்கள் ரிவர்ஸ் கண்ட காலத்தை ஒட்டி, 1900இல் நிற்கிறார்கள். வேடர்களும் அந்தமானியரும் இருக்கிறார்கள். தமிழ்ச் சமவெளியின் வேளாண் சமூகம் எதுவும் அதில் இல்லை. காவிரிப் படுகையின் கோடிக்கணக்கான மக்களுக்குப் பதிலாக, ரிவர்ஸின் காலத்தில் சில நூறு பேராக இருந்த ஒரு மலைக்குடி இடம்பெறுவது புள்ளியியல் நோக்கில் சரியாகவே இருக்கலாம். ஆனால் நன்கு பதிவானது என்ற அளவுகோல், எந்த மக்களை எழுதத்தக்கவர்களாகக் காலனியகால அறிஞர்கள் கருதினார்கள் என்பதையும் தனக்குள் சுமந்துவருகிறது. பிரமலைக் கள்ளர்களைப் பற்றி லூயி துய்மோன் பிரெஞ்சில் 1957இல் எழுதிய பெருநூலும், கொங்குநாட்டைப் பற்றிப் பிரெண்டா பெக் 1972இல் எழுதியதும் இந்த 186இன் வட்டத்துக்கு வெளியே நிற்பவை. ஆண்டனி வாக்கர் 1986இல் தோடர்களைப் புதிதாகப் பார்த்து எழுதிய நூல் காட்டும் மாற்றங்களுக்கும் 1900 என்ற ஆண்டுக்குள் இடமில்லை.

1990களில் கோப்புகள் முதலில் குறுந்தகட்டுக்கும் பின்னர் இணையவழித் தேடலுக்கும் மாறத் தொடங்கியதும், ஒரே பக்கத்தைப் பலமுறை படியெடுக்க வேண்டிய கட்டாயம் மறைந்தது; பத்தி இருந்த இடத்திலேயே இருக்க, எண் மட்டும் அதைச் சுட்டினால் போதும் என்றாயிற்று. எந்தச் சொல்லை இட்டும் தேடும் வசதி வந்த பிறகும் பகுப்பாளர்கள் பத்திவாரியாக எண் குறிக்கும் வேலையை விட்டுவிடவில்லை. ரிவர்ஸ் பாலோலை விவரிக்கும் பத்தியில் பூசாரி என்ற சொல் இல்லாமலும் இருக்கலாம்; 793 என்ற எண்ணைத் தேடுபவருக்கு அப்போதும் அது கிடைக்கும். பழைய தாள் கோப்புகள் அனைத்தும் மின்வடிவத்துக்கு ஒரே மூச்சில் மாறிவிடவில்லை; பழைய நூல்களோடு புதிய ஆய்வுகளும் சேர்க்கப்பட்டு அவை படிப்படியாக மாற்றப்பட்டதால், வரிசையில் காத்திருந்த மக்களைப் பற்றித் தேடியவருக்கு மைக்ரோஃபிஷ் தகடும் அதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியும் பின்னரும் தேவைப்பட்டன.